முகவரி இல்லாத கல்: காரை முதல் நின்னியூர் வரை

முதல் நாள் – காரை

முப்பத்தாறு ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். என் மகள் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். களப்பணிக்கு வருகிறீர்களா என்று அவள் கேட்டபோது, தகப்பன் மீது எத்தனை பாசம் என்று நெகிழ்ந்துபோனேன். பெரம்பலூர் வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. உதவிக்கு வர வேண்டிய மாணவனுக்கு வேறு தேர்வு. மூட்டை தூக்க ஓர் ஆள் குறைந்தது.

வேனில் நாங்கள் நால்வர். மகள், அவளுடைய ஆய்வகத்தில் இளையவளான ஒரு மாணவி, ஓட்டுநர், நான். மாணவி என்னை ‘ஐயா’ என்கிறாள், மகளை ‘அக்கா’ என்கிறாள். ஓட்டுநர் எல்லோரையும் ‘மேடம்’, ‘சார்’ என்று பொதுவில் முடித்துக்கொள்கிறார்.

கொளக்காநத்தம் வழியாகப் போனோம். தை கடைசி. மக்காச்சோளம் அறுத்த தட்டைகள் கரிசல் மண்ணில் நின்றுகொண்டிருந்தன. பருத்தி அங்கங்கே வெடித்திருந்தது. காரையைத் தாண்டியதும் வயல் சட்டென்று நின்றுபோய், நிலம் வேறாகிவிட்டது. செம்மையும் பழுப்பும் வெளிர்மஞ்சளுமாகக் களிமண் மேடுகள், அவற்றைக் கீறிக்கொண்டு ஓடைகள், நடுவே ஒரு புல் கிடையாது. மழை நீர் அரித்து அரித்து உண்டாக்கிய பாழ்நிலம். வெயில் ஏற ஏற மேடுகளில் கண்ணாடிச் சில்லு கொட்டிக் கிடப்பதுபோல மினுங்கியது. ஜிப்சம் என்றாள் மகள். களிமண் வெடிப்புகளுக்குள் தகடு தகடாக வளர்ந்திருக்கிறது.

இந்தக் களிமண் ஒரு காலத்தில் கடலடிச் சேறு. கிரெட்டேசியஸ் காலம், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தபோது, இப்போது காவிரிப் படுகை என்று சொல்லும் பகுதி பிளந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது. துருவத்தில் பனிப்பாளங்கள் பெரிதாக இல்லாத வெப்பமான உலகம் அது. கடல் மட்டமும் இன்றைக்கு இருப்பதைவிட வெகு உயரம். கேட்டுக்கொண்டே ஓடைக்குள் நடந்தேன். கடலுக்கும் எனக்கும் நடுவே இப்போது மூன்று மணி நேரப் பஸ் பயணமாவது இருக்கும்.

காலடியில் துப்பாக்கித் தோட்டா போலக் கூர்நுனியோடு பழுப்புக் கற்கள் கிடந்தன. பெலெம்னைட்டாம். கணவாய்க்கு உறவான ஒரு பிராணியின் உள்ளோடு. பிறகு ஓடை திரும்பும் இடத்தில் அதைப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவில், சுருள் சுருளாக, விலா எலும்பு வைத்தாற்போல வரிகளோடு ஓர் அம்மோனைட். எப்போதோ அழிந்துபோன கடல் பிராணியின் ஓடு, கல்லாகிக் கிடந்தது. கண்டகியிலிருந்து வரும் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் இதே வகைப் பிராணிதான். என் தாயார் பூஜையில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் சுத்தியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேராகக் கேட்டார்: “மீத்தேன் எடுக்கவா வந்திருக்கிறீர்கள்?”

காவிரிப் படுகையில் மண்ணைத் தட்டிப் பார்க்கும் எவரிடமும் இந்தக் கேள்வி வரும், வருவது நியாயமும்கூட. மகள் அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாசிக்கவில்லை. “காகிதம் எல்லோரிடமும் இருக்கிறது” என்றார். மகள் தரையில் உட்கார்ந்து, ஒரு பெலெம்னைட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் கடல் இருந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கால் மணி நேரம் போனது. அவர் தன் பையிலிருந்து வறுத்த வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தார். கடல் கதையை நம்பினாரா என்று தெரியாது, அவளை நம்பிவிட்டார்.

இரவு விடுதியில் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து மகள் முன் வைத்தேன். கண் விரிந்தது. “நல்ல மாதிரி அப்பா! எங்கே எடுத்தீர்கள்?”

“ஓடையில்.”

“எந்த ஓடையில்? எந்த அடுக்குக்கு மேலே? மண்ணில் பதிந்திருந்ததா, உருண்டு வந்து கிடந்ததா?”

நான் விழித்தேன். அவள் அதைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டாள். கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. “இனி இது அழகான கல், அவ்வளவுதான்” என்றாள்.

இரண்டாம் நாள் – மறுபடியும் காரை

விடிந்ததும் அந்த இடத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன். எல்லா ஓடையும் ஒரே முகம். நேற்று நான் திரும்பிய வளைவு போலவே பன்னிரண்டு வளைவுகள். ஒன்றரை மணி நேரம் அலைந்து, என் பழைய காலடித் தடத்தை ஓர் ஆட்டு மந்தை மிதித்து அழித்திருந்த இடத்தில் தேடலைக் கைவிட்டேன்.

அதற்குள் அவர்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆராய்ச்சி என்பது கண்டுபிடிப்பது. அருகிலிருந்து பார்த்தால் அது பெரும்பாலும் பள்ளம் தோண்டுவது. ஓடைக்கரை மேட்டில் அடியிலிருந்து உச்சி வரை அரை மீட்டருக்கு ஒன்றாக இடம் குறிக்கிறார்கள். வெயிலும் மழையும் பட்டுக் கெட்ட மேல்மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி எறிகிறார்கள். உள்ளிருக்கும் புதுமண்ணில் அரைக் கிலோ துணிப்பையில் போகிறது. அடுக்கு எந்தத் திசையில் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று சாய்வுமானி வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விடுகிறார்கள். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கிறது.

நடுவில் மகள் ஒரு காரியம் செய்தாள், அவள் அம்மா பார்த்திருக்க வேண்டும். துளி மண்ணை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள். பதறிப்போனேன். “நறநறவென்றால் வண்டல், வழுவழுவென்றால் களி. கருவிக்கு வேலை இல்லை” என்றாள். நான்கு வயதில் மண் தின்றதற்கு வேப்பங்குச்சியால் அடி வாங்கியவள். இன்றைக்கு அதற்கு உதவித்தொகை தருகிறார்கள்.

அவள் தேடுவது என்ன என்பதை நிழலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உலகக் கடல்களின் பெரும்பகுதியில் ஆக்ஸிஜன் குறைந்துபோனதாம். எரிமலைகள் கக்கிய கரியமில வாயு, ஏறிய வெப்பம், நிலத்திலிருந்து அடித்து வரப்பட்ட சத்துகள், அதனால் பெருகிய பாசி; பாசி செத்து அழுகும்போது நீரிலிருந்த ஆக்ஸிஜன் தீர்ந்தது. ஐரோப்பாவில் சில இடங்களில் அந்தக் காலத்துக் கடலடி கறுப்புப் பாறையாகவே நிற்கிறது. காரைக் களிமண் அந்தக் கால எல்லையைத் தாண்டிப் படிந்த மண். அப்போது இந்தக் கடல் எப்படி மூச்சு விட்டது என்பதுதான் இவள் கேள்வி.

பதில் சொல்லப்போவது அம்மோனைட் அல்ல. ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் கூடுகள். கண்ணுக்குத் தெரியாது. அவற்றில் எந்த இனம் எந்த அடுக்கில் மறைகிறது, எது திரும்பி வருகிறது என்று எண்ண வேண்டும். கூட்டின் சுண்ணாம்பில் கனமான ஆக்ஸிஜன் அணு எத்தனை, லேசானது எத்தனை என்று அளந்தால் நீரின் வெப்பத்தைக் கணக்கிடலாம். நீர் குளிர்ந்தால் கனமானது கூடும். இத்தனையும் அரை மீட்டர் வரிசை பிசகாமல் இருந்தால்தான். இரண்டு பை இடம் மாறினால் கடல் தலைகீழாக மூச்சு விடும்.

இங்கேதான் எனக்கு வேலை கிடைத்தது. மாணவியின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. “கொடு அம்மா” என்று பேனாவை வாங்கினேன். நாள், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, வெட்டுமுகத்தின் எண், அடியிலிருந்து உயரம், எடுத்தவர் பெயர். பையின் மேல் ஒரு முறை, பைக்குள் போடும் சீட்டில் ஒரு முறை, குறிப்பேட்டில் ஒரு முறை. மூன்றும் எதற்கு என்று கேட்டேன். மேலே எழுதியது ஈரத்தில் அழியும், சீட்டைக் கரையான் தின்னும், குறிப்பேடு தொலையும். மூன்றும் ஒரே நாளில் போகாது என்றாள் மகள். அஞ்சலகத்தில் பதிவுத் தபாலுக்குக்கூட இத்தனை பாதுகாப்பு நாங்கள் வைத்ததில்லை.

மாலைக்குள் நாற்பத்திரண்டு பைகள். வேன் வரை சுமந்தவன் நான்.

இரவு அவள் கணினியில் பழைய நூல்களின் படப்பிரதிகளைக் காட்டினாள். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு சென்னை அதிகாரிகள் இந்தப் பக்கத்துப் புதைபடிவங்களைச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846-இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு ஊர் ஊராக அலைந்து பாறைகளைப் பிரித்து 1862-இல் அறிக்கை வெளியிட்டார். இன்றும் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் வழியில்தான் அடுக்குத் தொகுதிகளுக்குப் பெயர். சேர்த்த சிப்பிகளையும் நத்தைகளையும் ஒவ்வொன்றாக விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்து, தடிமனான தொகுதிகளை எழுதிவிட்டு, 1874-இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். வயது 36.

அந்தப் பக்கங்களில் நான் படித்தது ஊர்ப்பெயர்களை. ஊட்டத்தூரை ‘ஊட்டாட்டூர்’ என்கிறார்கள், அரியலூர் ‘அர்ரியலூர்’. ஒதியம் ‘ஓடியம்’ ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வெறுப்பு என்று பொருளாம், பாவம் அந்த ஊர். ஆனாலும் ஒவ்வொரு சிப்பிக்கும் கீழே ஓர் ஊர் இருக்கிறது. சிதைந்த முகவரிகளைப் படித்துப் பட்டுவாடா செய்து பழகியவன் நான். எழுத்துப் பிழையோடு வந்த கடிதம் சேர்ந்துவிடும். முகவரியே எழுதாமல் பெட்டியில் போட்டதுதான் சேராது.

சட்டைப் பையில் அம்மோனைட் கனத்தது.

மூன்றாம் நாள் – கருடமங்கலம், சாத்தனூர்

இன்று அவர்களுக்கு மாதிரி எடுக்கும் வேலை குறைவு. கருடமங்கலத்தில் சிப்பியும் நத்தையும் செறிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். மெருகேற்றினால் வழவழப்பாக மின்னும். ‘திருச்சிராப்பள்ளிப் பளிங்கு’ என்று ஒரு காலத்தில் அலங்காரப் பொருள்களுக்குப் பயன்பட்டது. ஒரு வீட்டுத் திண்ணை ஓரத்தில் துணி துவைக்கும் கல்லாகவும் ஒன்றைப் பார்த்தேன்.

சாத்தனூரில் கல்லாகிப்போன மரம். 18 மீட்டர் நீளம், ஓடைக்குள் படுத்திருக்கிறது. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குக் காட்டியது. கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு கடலுக்குள் போய்ச் சேற்றில் புதைந்து, மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. சுற்றி வேலி போட்டுப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். கல் என்று ஆசிரியை சொல்ல, மரம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். இரண்டு பேரும் சரி.

திரும்பும்போது குன்னம் பக்கம் போனோம். 2020-இல் இங்கே ஒரு நீர்நிலையைத் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. அறிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். அம்மோனைட் போன்ற ஏதோ ஒரு கருவைச் சுற்றிக் கடலடியில் தாது படிந்து பெருத்த உருண்டைகள் அவை. முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு என்னவோ, கடலுக்குள் ஒரு செத்த பிராணியைச் சுற்றிக் கல் வளர்ந்த கதை முட்டையைவிட விசேஷமாகத் தோன்றுகிறது. ஓட்டுநர் ஒப்புக்கொள்ளவில்லை. “முட்டை என்றால் முட்டைதான் சார்” என்றார்.

நான்காம் நாள் – கல்லங்குறிச்சி

காலையில் முதலில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில். இங்கே மூலவர் சிலையாக இல்லை. ஒரு கல் கம்பம்தான் பெருமாள். பிறகு சுரங்கம். ஒரு மணி நேரம் வாசலில் காக்க வைத்தார்கள். எந்த ஆலை என்று சொல்லப்போவதில்லை. கடைசியில் தலைக்கவசமும் பச்சைப் பளபளப்புச் சட்டையும் மாட்டிவிட்டு, ஒரு மேற்பார்வையாளரைக் கூட அனுப்பினார்கள். வெடி வைக்கும் நேரத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று நிபந்தனை.

காரையில் இயற்கை வெட்டிக் காட்டியதை இங்கே இயந்திரம் வெட்டிக் காட்டுகிறது. படிப்படியாக இறங்கும் சுவர்கள். ஒரு சுவர் முழுக்கச் சிப்பி. உள்ளங்கை அளவு, சிலது அதைவிடப் பெரிது, தடித்து வளைந்தவை, ஒன்றின் மேல் ஒன்றாக, சுவரே சிப்பிதான். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆழமில்லாத கடலில் இருந்த சிப்பித் திட்டு. சிமெண்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும், சிப்பி சுண்ணாம்பு. ஆகவே அரியலூரில் சிமெண்டு ஆலைகள். நம் வீட்டுக் கூரைக்கு மேலே அரியலூர்க் கடல் கொஞ்சம் உறைந்திருக்கலாம்.

இந்தச் சிப்பிகள்தான் மாணவியின் ஆய்வு. சிப்பி ஆண்டுக்கு ஆண்டு வளையம் விட்டு வளரும். குறுக்கே அறுத்து வளையம் வளையமாகச் சுரண்டி அளந்தால், அந்தக் கடலின் கோடையையும் குளிர்காலத்தையும்கூடப் படிக்க முடியும் என்கிறாள். இதுவரை வாயே திறக்காத பெண் அரை மணி நேரம் பேசினாள்.

எனக்கு ஒரு சங்கடம். சுரங்கம் இல்லாவிட்டால் இந்தச் சுவர் வெளியே தெரியாது. சுரங்கம் இருப்பதால் இந்தச் சுவர் அடுத்த ஆண்டு இருக்காது. மகளிடம் கேட்டேன். “அதனால்தான் அப்பா ஓடி ஓடி எழுதி வைக்கிறோம்” என்றாள். மேற்பார்வையாளர் அதைக் கேட்டுவிட்டு, தன் அலமாரியில் அழகான சிப்பி பத்து வைத்திருப்பதாகவும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாணவி உடனே கேட்டாள்: “எந்தப் படியிலிருந்து எடுத்தது சார்?” அவர் என்னைப் போலவே விழித்தார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வெளியே சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் அணிவகுத்துப் போயின. ஓரத்துப் புளியமரங்கள் வெள்ளை பூசியதுபோல நின்றன. இவ்வூர்க்காரர்கள் நாள் முழுக்கக் கிரெட்டேசியஸைச் சுவாசிக்கிறார்கள் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். இருமிக்கொண்டே தேநீர் ஆற்றிய பெண்ணைப் பார்த்த பிறகு வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள் – கல்லமேடு, நின்னியூர்

அடுக்குகள் இங்கே கிழக்குப் பக்கமாக மெல்லச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கே காரையில் பழையது, கிழக்கே போகப் போகப் புதியது. இந்த ஐந்து நாளில் சில பத்துக் கிலோமீட்டர்தான் கிழக்கே வந்திருக்கிறோம். அதற்குள் மூன்று கோடி ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டோம். ஓட்டுநர் டீசல் கணக்கு எழுதும்போது இதைச் சொன்னேன். வாடகையைக் கூட்டலாமா என்று கேட்டார்.

கல்லமேட்டில் கடல் இல்லை. ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களியும். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி. இங்கேதான் இராட்சத எலும்புகள் கிடைத்தன. 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் அதை விவரித்து ‘பிருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம், பெரிய உடம்பு. கீழ்க்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று எண்ணினார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்ற கருத்து வலுத்தது. அளவு சரியென்றால் நிலத்தில் நடந்த மிகப் பெரிய பிராணிகளில் ஒன்று.

சரியா என்று இனி அளக்க முடியாது. பூமியிலேயே நொறுங்கிப்போயிருந்த எலும்புகள், பாதுகாக்க முடியாமல் சிதைந்துவிட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில பழைய புகைப்படங்களும். அவற்றை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க இன்னும் வாதம் நடக்கிறது.

என் சட்டைப் பையில் கல் இருக்கிறது, இடம் தெரியாது. இங்கே இடம் தெரியும், எழுத்து இருக்கிறது, எலும்பு இல்லை. இரண்டில் எது மோசம் என்று மகளிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: “உங்களுடையதுதான்.” எலும்பு போனாலும் இன்னொருவர் இதே இடத்துக்கு வந்து தோண்டிப் பார்க்கலாமே என்றாள்.

கடைசியாக நின்னியூர். மறுபடியும் கடல், மறுபடியும் சுண்ணாம்புக்கல். ஆனால் இது 6.6 கோடி ஆண்டு எல்லைக்கு இப்பால். விண்கல் விழுந்தாயிற்று, தக்காண எரிமலைக் குழம்பும் பெருகியாயிற்று, டைனோசர்கள் போயாயிற்று. அம்மோனைட்டும் இல்லை. அதன் தூரத்து உறவான நாட்டிலஸின் புதைபடிவம் இங்கே கிடைத்திருக்கிறது. அதன் வம்சம் இன்றும் கடலில் நீந்துகிறது. சுருளில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று பிழைத்தது. நாங்கள் தேடியதில் அன்றைக்கு நாட்டிலஸ் எதுவும் அகப்படவில்லை. ஓடு துண்டுகள் சில கிடைத்தன, பெயர் எழுதிப் பையில் போட்டோம். ஒரு முந்திரித் தோப்பில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்து – ஆய்வகம்

இதை எழுதுவதாக இல்லை. மூட்டைகளை இறக்கிவைத்ததோடு என் வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். மகள்தான் வந்து பாருங்கள் என்றாள்.

நான் சுமந்த அரைக் கிலோ மண் இங்கே ஒரு கண்ணாடிக் குவளையில் ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊறுகிறது. பிறகு 63 மைக்ரான் சல்லடையில் தண்ணீர்விட்டு அலசுகிறார்கள். களி முழுக்கப் போய், ஒரு சிட்டிகை மிஞ்சுகிறது. அதை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, முடி போன்ற தூரிகையை நாக்கில் நனைத்து, ஒவ்வொரு கூடாகத் தொட்டு எடுக்கிறாள். நான் குனிந்து பார்த்தேன். குமிழ் குமிழாகச் சேர்ந்த சின்னஞ்சிறு வெண்கூடுகள். ஒரு பைக்கு மூன்று நாள் ஆகிறதாம். நாற்பத்திரண்டு பைகள்.

தட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதிய சீட்டு இருந்தது. அதிலிருந்த எண்ணை அவள் கணினியில் ஏற்றினாள்.

அம்மோனைட்டைக் கொண்டுபோயிருந்தேன். வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் ஒரு மர இழுப்பறையைத் திறந்தாள். முதலாண்டு மாணவர்கள் கையில் எடுத்துப் பழகுவதற்கான கற்கள், எல்லாம் யாரோ எப்போதோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவை. ஒரு வெற்றுச் சீட்டை என்னிடம் நீட்டினாள். நானே எழுதினேன். வகை: அம்மோனைட். ஊர்: காரை. அடுக்கு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“தெரியவில்லை என்றே எழுதுங்கள் அப்பா” என்றாள். எழுதினேன்.